தராசு வேலை செய்யாத இடத்தில் உடம்பை அளப்பது எப்படி?

2025 ஜூன் கடைசி வாரம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வர ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கத்து மீன் ஏலக்கூடம் ஒன்றில் இறால் எடை போட்டு முடிந்த சமயம், யாரோ ஒருவர் போனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குள் மிதக்கும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் டியூஷன் படிக்கும் பையனின் அப்பாதான் அங்கே தராசைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் கேட்டார்: "சார், அங்க எடையே கிடையாதுங்குறாங்க. அப்ப ஆள் இளைச்சுட்டாரா, பெருத்துட்டாரான்னு எப்புடிப் பாப்பாங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் முடித்துவிட்டார்: "அங்க ஈர்ப்பே இல்ல, எடையும் இல்ல, அளக்குறதுக்கு என்ன இருக்கு?"

படித்தவர்களும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் ஈர்ப்பு இல்லை என்பது தப்பு. எடை இல்லை என்பது பாதி சரி. அளக்க ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய தப்பு. உடம்பை அளக்கும் வேலை அங்கேதான் சுவாரசியமாகிறது. தராசைப் பார்ப்பவரின் கேள்விதான் நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

ஈர்ப்பு இல்லாத இடமா அது?

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. நம் ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர். அதைப்போல 1,200-க்கும் மேற்பட்ட கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். அதன் உச்சியில் ஒரு தராசை வைத்து, இங்கே 60 கிலோ காட்டும் ஆள் ஒருவரை ஏற்றி நிறுத்தினால் எவ்வளவு காட்டும்? கிட்டத்தட்ட 53 கிலோ. அவ்வளவு உயரத்திலும் பூமியின் இழுப்பு பத்தில் ஒன்பது பங்கு அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் மிதக்கிறார்கள்? வாடைக்காற்று அடிக்கும் நாளில் படகில் போனவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. அலையின் உச்சிக்கு ஏறிய படகு சட்டென்று கீழே இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு வெறுமை வருமே, அந்த அரை வினாடியில் உங்களுக்கும் எடை குறைந்திருக்கிறது. காலுக்கடியில் இருக்கும் பலகையும் உங்களோடு சேர்ந்து கீழே போவதால் அது உங்களைத் தாங்கவில்லை. ஆடுகிற படகில் தராசு வைத்து யாரும் மீன் நிறுப்பதில்லை என்பதும் இதனால்தான். படகு ஏறும்போது எண் கூடும், இறங்கும்போது குறையும். மீன் என்னவோ அதே மீன்தான்.

விண்வெளி நிலையம் என்பது அலை உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்து, அடிப்பள்ளத்தைத் தொடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் படகு. அது ஒரு வினாடியில் 7.6 கிலோமீட்டருக்கு மேல் முன்னே போகிறது. அதே வினாடியில் சுமார் 4.3 மீட்டர் கீழே விழுகிறது. ஆனால் பூமி உருண்டை ஆயிற்றே. அவ்வளவு தூரம் முன்னே போவதற்குள் தரையும் அதே 4.3 மீட்டர் வளைந்து கீழே போய்விடுகிறது. ஆக, விழுந்துகொண்டே இருக்கலாம், தரையைத் தொடவே முடியாது. சுமார் 92 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 16 சுற்று. நிலையம், அதற்குள் இருக்கும் ஆள், அவர் கையில் இருக்கும் பேனா எல்லாம் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்று இன்னொன்றை அழுத்துவதில்லை. எடையின்மை என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

படகுத்துறையில் விரல் நசுங்கியவர்களுக்குத் தெரியும்

இரண்டு சொற்களை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். பூமி ஒரு பொருளை இழுக்க, அந்தப் பொருள் தன் கீழே இருப்பதை அழுத்துகிறது. தராசு காட்டுவது அந்த அழுத்தத்தை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எடை என்கிறேன். நிறை வேறு. ஒரு பொருளை அசைக்கவோ, அசைந்துகொண்டிருப்பதை நிறுத்தவோ எவ்வளவு கஷ்டம் என்பதுதான் நிறை.

படகுத்துறையில் கட்டியிருக்கும் விசைப்படகை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்வதால் அதன் எடை உங்களுக்குத் தெரிவதே இல்லை. காலை வைத்து நிதானமாகத் தள்ளினால் ஒற்றை ஆள் அதை நகர்த்திவிடலாம். ஆனால் அது மெதுவாகத்தான் நகரத் தொடங்கும். நகரத் தொடங்கியபின் சுவரில் மோதப் போகிறதே என்று நடுவில் கையை விட்டால் விரல் போய்விடும். டன் கணக்கான நிறை அப்படியே இருக்கிறது, எடையை மட்டும் தண்ணீர் மறைத்துவிட்டது.

விண்வெளியிலும் இதே கதைதான். 200 கிலோ பெட்டியை ஒரு விரலால் நகர்த்தலாம். வேகமாக நகர்த்தவும் முடியாது, சட்டென்று நிறுத்தவும் முடியாது. அங்கே ஓர் ஆள் சுவரை உந்தினால், சிறிய வத்தையிலிருந்து கரைக்குத் தாவும்போது வத்தை பின்னால் போகுமே, அதுபோல அவர் எதிர்ப்பக்கம் போகிறார். எதிலாவது மோதி நிற்கும்வரை போய்க்கொண்டே இருப்பார்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். ஈர்ப்பு அங்கே இருக்கிறது. எல்லாமே சேர்ந்து விழுவதால் எடை மட்டும் தெரிவதில்லை. நிறை எங்கும் போகவில்லை. ஆகவே உடம்பின் அசைவை அளக்க வேண்டுமானால், எடையை நம்பி வேலை செய்யும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நிறையை நம்பும் கருவிகளை எடுக்க வேண்டும்.

தொட்டில் ஸ்பிரிங்

தராசைப் பார்ப்பவரின் கேள்விக்குப் பதில் அவர் வீட்டு விட்டத்திலேயே தொங்குகிறது. சேலைத் தூளிக்கு மேலே ஸ்பிரிங் மாட்டுவோமே, அதுதான். பிறந்த குழந்தையைப் போட்டு லேசாக இழுத்துவிட்டால் தூளி படபடவென்று மேலும் கீழும் ஆடும். அதே குழந்தைக்கு இரண்டு வயதானபின் அதே ஸ்பிரிங்கில் போட்டால் ஆட்டம் நிதானமாகிவிடும். நிறை கூடக்கூட ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் கூடுகிறது. தூளித் துணியின் கனத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், 3 கிலோ குழந்தை 12 கிலோ ஆகும்போது அந்த நேரம் சரியாக இரண்டு மடங்காகும். நிறை நாலு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கில் பூமியின் இழுப்பு எங்குமே வரவில்லை என்பதுதான் முக்கியம். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, ஆடும் பொருளின் நிறை எவ்வளவு, இரண்டே விஷயம். ஆகவே தூளியை விண்வெளிக்குக் கொண்டுபோனாலும் அதே நேரம்தான் காட்டும்.

1973-ல் அமெரிக்கா அனுப்பிய ஸ்கைலேப் நிலையத்தில் செய்தது இதைத்தான். வில்லியம் தார்ன்டன் என்ற மருத்துவர் வடிவமைத்த நாற்காலி அது. அதில் ஆளை உட்காரவைத்து, இறுகக் கட்டி, ஸ்பிரிங்கின் விசையில் முன்னும் பின்னும் ஆடவிட்டு, ஆட்ட நேரத்தை அளந்து நிறையைக் கணக்கிட்டார்கள். தளர்வாக உட்கார்ந்தால் கணக்கு கெட்டுவிடும். பாதித் தண்ணீர் இருக்கும் குடத்தை ஆட்டினால் குடம் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் போவதைப் போல, கை காலும் வயிற்றுக்குள் இருப்பவையும் தனித்தனியாக ஆடித் தொலைக்கும்.

இப்போதைய நிலையத்தில் இன்னொரு கருவியும் உண்டு. அது ஆட்டுவதில்லை, தெரிந்த விசையால் ஆளை ஒரே முறை இழுத்து, எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறார் என்று பார்க்கிறது. நிறை அதிகமென்றால் வேகம் எடுக்கத் தாமதமாகும்.

கீழ் என்று ஒன்று இல்லாதபோது

நிறை கிடைத்துவிட்டது. அசைவு? கை எந்தப் பாதையில் போனது, முழங்கால் எத்தனை பாகை மடங்கியது, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தது?

நம் போனைக் கிடத்தினால் திரையும் தானாகப் படுத்துக்கொள்கிறது. உள்ளே முடுக்கமானி என்று ஒரு சின்ன சில்லு இருக்கிறது. வேகம் மாறுவதை உணரும் சென்சார் அது. அசையாமல் வைத்திருக்கும்போது தரையின் தாங்கலை உணர்ந்து எது கீழ் என்று கண்டுபிடிக்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலைதான். பூமியில் நடையை அளக்கும் பட்டைகள் பலவும் இந்தத் தூக்குக்குண்டை நம்புகின்றன. விழுந்துகொண்டிருக்கும் நிலையத்துக்குள் தூக்குக்குண்டு தொங்காது, நூலோடு சேர்ந்து மிதக்கும். முடுக்கமானியும் அசையாதபோது பூஜ்யம் காட்டும். ஆள் சாய்ந்திருக்கிறாரா, நேராக இருக்கிறாரா என்ற கேள்விக்கே அங்கே அர்த்தம் இல்லை. எதை ஒப்பிட்டுச் சாய்வு?

ஆகவே நிலையத்தின் சுவர்களையே அடையாளமாக வைத்துக்கொண்டு கேமராவால் அளக்கிறார்கள். ஆளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என மூட்டுக்கு மூட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னக் குண்டுமணிகளை ஒட்டுவார்கள். இரவில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி விளக்கு பட்டதும் ஓரத்து ரிப்ளெக்டர்கள் மட்டும் பளிச்சென்று தெரியும் அல்லவா? அதுபோலக் கேமராவுக்கு ஆள் தெரியமாட்டார், புள்ளிகள் மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிப்பதால் வேலை செய்பவருக்குக் கூசாது. இந்த முறைக்கு அசைவுப் பதிவு என்று பெயர்.

ஒரு கேமரா போதாது. ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. ஜிபிஎஸ் வருவதற்கு முன் நடுக்கடலில் மீன்படும் இடத்தை மறுபடி எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் கோயில் கோபுரம் தெரியும் திசை ஒன்று, வேறொரு அடையாளம் தெரியும் திசை ஒன்று. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நம் இடம். கேமராக் கூட்டமும் இதே வேலையை ஒவ்வொரு புள்ளிக்கும் வினாடிக்குப் பலமுறை செய்கிறது. இத்தாலிய விண்வெளி அமைப்பு நிலையத்துக்கு அனுப்பிய எலைட் எஸ்-2 கருவி இந்த வகையைச் சேர்ந்தது.

(கேமராவால் உடம்பை அளக்கும் யோசனை பழசு. கீழே விடப்பட்ட பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது என்று எத்தியேன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் 1894-லேயே அடுத்தடுத்துப் படம் எடுத்துக் காட்டினார். பிடிமானம் எதுவும் இல்லாமல் நடுவெளியில் உடம்பை முறுக்கித் திரும்புவது விண்வெளி வீரருக்கும் வேண்டிய வித்தை. பூனை அளவுக்கு லாவகமாக வராது, அவ்வளவுதான்.)

கைப்பிடிக்குள் ஒரு தராசு

அசைவு தெரிந்தால் போதாது. அதற்கு எவ்வளவு விசை செலவானது என்றும் தெரிய வேண்டும். நம் ஏலக்கூடத்து மின்னணுத் தராசைத் திறந்து பார்த்தால் தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கும். ரிப்பேர் பார்ப்பவர்கள் லோடு செல் என்பார்கள். மேலே அழுத்தம் விழும்போது அது மயிரிழை அளவு வளையும்; வளைவுக்குத் தக்கபடி மின்சாரம் மாறும்; அது எண்ணாகத் திரையில் வரும். அந்தக் கட்டைக்கு மீனும் தெரியாது, ஈர்ப்பும் தெரியாது. யாரோ அழுத்துகிறார்கள் என்று மட்டும்தான் தெரியும். அதையே பெயர்த்து விண்வெளி நிலையத்தின் கைப்பிடியில் பொருத்தினால்?

1996, 97-ல் ரஷ்யாவின் மிர் நிலையத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படித்தான் செய்தார்கள். கைப்பிடி, கால்மாட்டி, தொடுதகடு ஆகியவற்றில் விசை உணரிகளைப் பொருத்தி, வீரர்கள் அன்றாட வேலை பார்க்கும்போது எவ்வளவு தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆள் உந்தும் ஒவ்வொரு உந்தலும் நிலையத்தையே அசைக்கும். அதிராத இடம் தேவைப்படும் நுண்ணிய சோதனைகள் அதனால் கெட்டுப்போகும் என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது.

கிடைத்த விடை எனக்குப் பிடித்தமானது. பெரும்பாலான நேரத்தில் விசை 60 நியூட்டனைத் தாண்டவில்லை. நியூட்டன் என்பது விசையின் அலகு. 100 கிராம் பொருளைக் கையில் தாங்க ஏறக்குறைய ஒரு நியூட்டன் வேண்டும். 60 நியூட்டன் என்றால் ஆறு கிலோ மீன் பையைத் தூக்கும் அளவு. இங்கே நாம் சும்மா எழுந்து நிற்பதற்கே கால்கள் அதைப்போலப் பத்து மடங்கு சுமக்கின்றன. அங்கே பழகியவர்கள் விரல்நுனியால் உந்தி அறையைக் கடக்கிறார்கள். புதிதாகப் போனவர்கள்தான் நம் ஊர் பலத்தைக் காட்டிவிட்டு எதிர்ச்சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். கால் நடப்பதை விட்டுவிட்டுக் கொக்கியாகிவிடுகிறது. கம்பிக்குள் பாதத்தைச் செருகி நிற்பதால் உள்ளங்காலின் காய்ப்பு உரிந்து, பாதத்தின் மேல்பக்கம் காய்த்துப்போகும்.

இதையும் சுருக்கிக்கொள்வோம். நிறைக்கு ஸ்பிரிங் ஆட்டம், பாதைக்குக் கேமராவும் புள்ளிகளும், விசைக்கு லோடு செல்.

சும்மா விட்ட உடம்பு

ஒன்றுமே செய்யாமல் உடம்பைத் தளரவிட்டால் எப்படி நிற்கும்? ஸ்கைலேப் காலத்தில் எடுத்த படங்களிலிருந்து இதை அளந்தார்கள். தோள் சற்று உயர்ந்து, கைகள் முன்னால் மிதந்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி, தலை கொஞ்சம் குனிந்து ஒரு நிலை. நாசா வகுத்த அளவுகளில் உடலுக்கும் தொடைக்கும் நடுவே சராசரியாக 128 பாகை, முழங்காலில் 133 பாகை. நேராக நின்றால் இரண்டும் 180-ஐ ஒட்டி இருக்கும். தசைகள் ஒன்றையொன்று இழுத்துச் சமரசம் ஆகும் இடம் இது. இயல்பு உடல்நிலை என்று இதைச் சொல்லலாம்.

தெரிந்துகொண்டு என்ன பயன் என்றால், மேசை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், திரை எங்கே இருக்க வேண்டும் எல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும். நம் ஊர் மேசையை அங்கே வைத்தால் நாள் முழுக்க வயிற்றுத் தசையை இறுக்கிக் குனிந்தே வேலை பார்க்க வேண்டிவரும். கைகளைக் கீழே வைத்திருப்பதே அங்கே ஒரு வேலை.

ஆளின் உயரமும் அங்கே நிலையாக இருப்பதில்லை. முதுகெலும்பை அழுத்தும் எடை போய்விடுவதால் 3 சதவீதம் வரை உயரம் கூடும். 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 5 சென்டிமீட்டர். சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லர் முன்னால் நின்றுகொண்டே ஆள் வளர்வது மாதிரி.

கடலில் முங்கினால் அதேதானே?

கீழக்கரையில் சங்கு குளிக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது இது. நியாயமான கேள்வி. நாசாவே ஹூஸ்டனில் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழத்தில் குளம் கட்டி, விண்நடைக்கு அதில்தான் பயிற்சி தருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதல் வித்தியாசம் தண்ணீரின் தடை. முங்குகிறவர் காலை உதைப்பதை நிறுத்தினால் சற்று நேரத்தில் நின்றுவிடுவார். விண்வெளியில் நிற்கமாட்டார். தண்ணீரைத் துழாவி நீந்தலாம், அங்கே காற்றைத் துழாவி அவ்வளவாக ஒன்றும் நடக்காது.

இரண்டாவது வித்தியாசம் காதுக்குள் இருக்கிறது. கத்தாழை மீன் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்குமே, அதன் நுண்ணிய உறவுக்காரர்கள் நம் உட்காதிலும் உண்டு. செவிக்கற்கள் என்று பெயர். சங்குக்கும் அதற்கும் சரக்கு ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். தலையைச் சாய்த்தால் இவை கனத்தால் லேசாகச் சரிந்து, எது கீழ் என்று மூளைக்குச் சொல்லும். தண்ணீருக்குள் உடம்பைத் தண்ணீர் தாங்கலாம், செவிக்கற்களை யாரும் தாங்குவதில்லை. இருட்டிலும் கலங்கலிலும் குளிப்பவருக்கு மேல் எது, கீழ் எது என்று ஒரு துப்பு இருந்துகொண்டே இருக்கும். விண்வெளியில் அந்தத் துப்பும் போய்விடுகிறது. போன புதிதில் பலருக்குக் குமட்டல் வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

நிஜமான எடையின்மையைப் பூமிக்குப் பக்கத்தில் பெற விமானம் ஒன்றுதான் வசதி. மேலே சீறி ஏறி, வில்போல வளைந்து விழும் விமானத்துக்குள் ஒவ்வொரு முறையும் இருபது வினாடிச் சொச்சம் மிதக்கலாம். அதற்குள் அளந்துகொள்ள வேண்டும். நீண்ட நாள் பழக்கம் எப்படி மாறுகிறது என்பதை அதில் பார்க்க வழியில்லை.

மூளைக்குள் இருக்கும் ஈர்ப்பு

படகிலிருந்து மீன் கூடையைக் கரைக்கு வீசும்போது பாருங்கள். பிடிப்பவர் கூடையை உற்றுக்கூடப் பார்ப்பதில்லை. கை போய்ச் சரியான நேரத்தில் நிற்கிறது. விழும் பொருள் போகப்போக வேகம் எடுக்கும் என்பது அவர் மூளைக்குப் பாடம் ஆகியிருக்கிறது.

1998-ல் கொலம்பியா விண்ணோடம் நியூரோலேப் என்ற பயணம் போனபோது இதைச் சோதித்தார்கள். கூரைப் பக்கமிருந்து ஒரு கருவி பந்தைத் தள்ளும், வீரர் கையால் பிடிக்க வேண்டும். அங்கே பந்து வேகம் எடுக்காது, தள்ளிய வேகத்திலேயே வரும். கைத்தசையின் மேல் தோலில் மின்முனைகளை ஒட்டி, தசை எந்தக் கணத்தில் இறுகுகிறது என்று பதிவு செய்தார்கள். இதற்குத் தசைமின் பதிவு என்று பெயர்; மார்பில் ஒட்டி எடுக்கும் ஈசிஜிக்குத் தம்பி.

பந்தைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் தசை தேவையான நேரத்துக்கு முன்பே இறுகியது. பந்து வேகம் எடுத்து வரும் என்று பூமிக் கணக்கையே மூளை போட்டுக்கொண்டிருந்தது. வேகம் மாறவில்லை என்று கண் பார்த்துக்கொண்டிருந்தும், நாட்கள் போயும், அந்தப் பழக்கம் முழுதாக விடவில்லை.

திரும்பி வந்தபின் இதன் மறுபக்கம் வரும். தங்கு கடல், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்விட்டு வந்தவர்களுக்கு முதல் ராத்திரி வீட்டுத் தரை ஆடும் என்பார்கள். இதைச் சொன்னதும் தராசைப் பார்ப்பவர் சிரித்தார்: "அப்ப அவங்களுக்கும் கரை ஆடுதுன்னு சொல்லுங்க."

ஆடத்தான் செய்கிறது, அதையும் அளக்கிறார்கள். இறங்கியவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டின்மேல் நிற்கச் சொல்வார்கள். உடம்பு முன்னும் பின்னும் எவ்வளவு தள்ளாடுகிறது என்பது, பாதத்தின் அழுத்தம் தட்டில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதிலிருந்து தெரிந்துவிடும். அந்தத் தட்டுக்குக் கீழே இருப்பதும் நம் ஏலக்கூடத்துத் தராசில் இருக்கும் அதே மாதிரிக் கட்டைதான். இந்த முறை அது வேலை செய்யும்.